தினமும் வேதவாசிப்பு, தினமும் ஜெபம்: முதல் மூன்று மாதத்துக்கான முழு வழிகாட்டி

இது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு. திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிசெய்கிற திருச்சபைச் சடங்கு) எடுத்து முடித்த பிள்ளைகள், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்க்கொண்டு வீட்டில் மட்டும் வேதப்புத்தகத்தைத் திறக்க முடியாமல் இருக்கிறவர்கள். பாளையங்கோட்டையில் இருந்தாலும் சரி, மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிக்காட்டு ஊரில் இருந்தாலும் சரி, தடுமாறுகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆசை இல்லாமல் விட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வரிசை மாறிப்போய் விட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். முதல் நாளே ஒரு மணி நேரம் உட்காருவார்கள், முதல் வாரமே வீடு முழுவதையும் கூட்டி உட்கார வைப்பார்கள், எந்த நேரம் எந்த இடம் என்பதை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். இங்கே நேரமும் இடமும் முதலில் வருகின்றன. அடுத்து முந்தின ராத்திரி, அப்புறம் வாசிப்பு, அப்புறம் ஜெபம். குடும்ப ஜெபம் கடைசியில். அவசரப்பட்டு வரிசையை மாற்றாதீர்கள்.

1. எந்த நாளில் தொடங்குவது

ஜனவரி 1 வேண்டாம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து, வாக்குத்தத்த வசன அட்டையோடு வீட்டுக்கு வந்து படுக்கவே இரண்டு மணி ஆகிவிடும். மறுநாள் விருந்து, சொந்தக்காரர்கள். அந்த நாளின் ஓட்டத்தில் குறித்த நேரம் மற்ற நாட்களுக்குப் பொருந்தாது.

சாம்பல் புதனிலும் தொடங்க வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து நாட்களில் எல்லாம் நன்றாகவே போகும்; உபவாசம் இருக்கும், வாரக் கூட்டம் இருக்கும், ஊரே சேர்ந்து செய்யும். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை உபவாசம் நிற்கும். அதோடு கட்டி வைத்த ஜெபமும் நின்றுவிடும்.

வீட்டில் விசேஷம் எதுவும் இல்லாத ஒரு சாதாரணத் திங்கட்கிழமைதான் நல்ல நாள். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் ஊரில் சபையார் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகையோ நெருங்கின சொந்தத்தில் கல்யாணமோ இருந்தால் அது முடியட்டும். பழக்கம் வேர் பிடிக்கும் முன்னே அதை அசைக்க வேண்டாம்.

2. நேரம்: முதலில் வீட்டைப் பாருங்கள்

நேரத்தை முடிவு செய்யும் முன் மூன்று நாள் வீட்டை மட்டும் கவனியுங்கள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், குழாயில் தண்ணீர் எப்போது வருகிறது, பால் எப்போது வருகிறது, பள்ளி வேன் எப்போது, டிவி எப்போது அணைகிறது என்று குறியுங்கள். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாரும் உங்களைக் கூப்பிடாத பதினைந்து நிமிடம் எங்கேயாவது தெரியும். அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வரும் நேரத்தைக் குறிக்கச் சொல்வது சும்மா இல்லை. குடம் நிரம்புகிற சத்தம் கேட்டால் எந்த ஜெபமும் நிற்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற தெருவில் இருக்கிறவர்கள் அந்த இரண்டு மாதிரி நாளுக்கும் ஒத்துவருகிற நேரமாகப் பார்க்க வேண்டும்.

அதிகாலைதான் சரி என்று பலர் பிடிவாதமாக நான்கு மணிக்கு அலாரம் வைக்கிறார்கள். மாற்கு 1:35-இல் இயேசு இருட்டோடே எழுந்து ஜெபிக்கப் போனார் என்பது உண்மைதான். ஆனால் சங்கீதம் 55:17 அந்தி, சந்தி, மத்தியானம் மூன்றையும் சொல்கிறது. தானியேல் 6:10-இல் தானியேல் ஒரு நாளைக்கு மூன்று வேளை முழங்கால்படியிட்டான். பதினொரு மணிக்குப் படுக்கிறவர் நான்கு மணிக்கு எழுந்தால் முதல் வாரம் வீரம், இரண்டாம் வாரம் தூக்கம், மூன்றாம் வாரம் குற்ற உணர்ச்சி. காலையில் எழுந்தே ஆக வேண்டும் என்றால் முதலில் படுக்கிற நேரத்தை மாற்றுங்கள்.

கடிகார நேரத்தைவிட ஒரு வேலையோடு இணைப்பது நிலைக்கும். "5.30 மணிக்கு" என்பதைவிட "முகம் கழுவிக் கருப்பட்டிக் காப்பி குடித்ததும்" என்பது நல்லது. எழுந்திருக்கிற நேரம் ஆறானாலும் காப்பி தவறாது, அதனால் அடுத்ததும் தவறாது.

வீட்டில் இருந்து பீடி சுற்றுகிற அக்காமார் பலர், உட்கார நேரமே இல்லை என்பார்கள். கை ஓயாது, சரி. காது சும்மாதானே இருக்கிறது? தட்டை மடியில் வைத்ததும் முதல் வேலையாகப் போனில் வேதத்தின் ஒலிப்பதிவில் ஒரு பகுதியை ஓட விடலாம், அதையே இரண்டாம் முறையும் கேட்கலாம். ஆனால் ஜெபத்துக்கு மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நாசரேத்தில் ரயில் ஏறித் திருநெல்வேலிக்கு வேலைக்குப் போகிறவர்கள் வாசிப்பை வண்டியில் வைத்துக்கொள்ளலாம். நின்றுகொண்டு போகிற நாளும் உண்டு என்பதால் சிறிய புதிய ஏற்பாடு ஒன்று பையில் இருக்கட்டும்.

3. இடம்

தினமும் ஒரே இடம். இடம் மாறினால் உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடம் சுற்றிப் பார்ப்பதிலேயே போய்விடும். பழகின இடத்தில் உட்கார்ந்ததும் மனம் தானே அடங்கும்.

படுக்கை வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பட்டாசலில் (வீட்டின் முன்கூடத்தில்) டிவிக்கு எதிரே வேண்டாம். அணைந்திருந்தாலும் கண் அங்கேதான் போகும். தட்டட்டி, அதாவது மொட்டை மாடி, வெயில் காலத்தில் அருமையான இடம், விடியற்காலைக் காற்று அப்படி. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே உட்கார முடியாது. தட்டட்டியை மட்டும் நம்பியவர்களுக்கு அடைமழை தொடங்கிய வாரமே பழக்கம் நின்றுபோனதைக் கண்டிருக்கிறேன். கீழே ஓர் இடம் வேண்டும்.

ஒரே அறை வீடு என்றால் ஒரு நாற்காலி போதும். அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடுங்கள். மத்தேயு 6:6 சொல்கிற பூட்டின கதவு உங்கள் வீட்டில் இல்லாமல் இருக்கலாம். முதுகைத் திருப்பி உட்கார்ந்தால் அடுத்தவர் கூப்பிட யோசிப்பார். வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "இந்தப் பத்து நிமிஷம் என்னைக் கூப்பிடாதீங்க, அப்புறம் வாரேன்." சொல்லாமல் இருந்துவிட்டுக் கூப்பிட்டதும் எரிந்து விழுகிறவர்கள் அதிகம். அன்றைய ஜெபம் அதோடு கெட்டது.

4. கையில் வேண்டியவை

வேதப்புத்தகம் கண்ணாடி இல்லாமல், அல்லது உங்கள் கண்ணாடியோடு, சிரமப்படாமல் வாசிக்கிற எழுத்து அளவில் இருக்க வேண்டும். ஆச்சி விட்டுப்போன பழைய வேதப்புத்தகம் பொக்கிஷம்தான். ஆனால் தினமும் புரட்டினால் ஓரம் உதிரும். அதைப் பெட்டியில் வைத்துவிட்டு, கோடு போடத் தயங்காத ஒன்றை வாங்குங்கள்.

பென்சில் ஒன்று. வேதப்புத்தகத் தாள் மெல்லியது, பேனா மை பின்பக்கம் தெரியும், நிறம் பூசுகிற பேனா இன்னும் மோசம். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டு ஒன்று, கோடு போட்டது. அட்டை அழகான டைரி வேண்டாம். அதில் அழகாக எழுத வேண்டும் என்ற நினைப்பே கையைக் கட்டிவிடும். பாட்டுப் புத்தகம் ஏற்கெனவே வீட்டில் இருக்கும், பாமாலையோ கீர்த்தனையோ எதுவானாலும் சரி.

போன் பக்கத்து அறையில் இருக்கட்டும். வேதத்தைப் போனில் வாசிப்பதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் வசனத்துக்கு நடுவே குடும்ப வாட்ஸப் குழுவில் ஒருவர் போட்ட காலை வணக்கம் மேலே வந்து நிற்கும். அதைத் தள்ளிவிடப் போன விரல் திரும்பி வராது.

முதல் மூன்று மாதத்துக்குத் தினத் தியானப் புத்தகங்களையும் ஓரமாக வையுங்கள். கெட்டவை என்பதற்காக இல்லை. மேலே இருக்கிற வசனத்தை ஓட்டிவிட்டுக் கீழே இருக்கிற கதையை வாசிக்கிற பழக்கம் வந்துவிடும் என்பதற்காக. காலண்டர் வசனமும் அப்படியே. அது சுவரில் இருக்கட்டும், வாசிப்புக் கணக்கில் சேராது.

5. முந்தின ராத்திரி

காலைப் பழக்கம் பெரும்பாலும் ராத்திரியில்தான் கெடுகிறது. படுக்கும் முன் மூன்று வேலை: நாளைக்கு வாசிக்க வேண்டிய இடத்தில் நாடாவை வைப்பது, நோட்டில் தேதியும் பகுதியும் எழுதி வைப்பது, இரண்டையும் பென்சிலோடு நாற்காலியில் வைப்பது. ஒரு நிமிடம்கூட ஆகாது.

எதை வாசிக்கலாம் என்று காலையில் யோசித்தால் கண்ட இடத்தில் திறப்போம். கண்ட இடத்தில் திறக்கிறவர்களுக்குப் பழகின சங்கீதம் இரண்டுதான் திரும்பத் திரும்பக் கிடைக்கும், புத்தகம் அங்கேதான் தானாக விரியும்.

6. முதல் இரண்டு வாரம்: பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை

உட்கார்ந்ததும் அரை நிமிடம் சும்மா இருங்கள். ஒரு வரி சொல்லித் தொடங்குங்கள், "ஆண்டவரே, வாசிக்கப்போறேன், புரிய வையும்" என்கிற அளவுக்கு. ஒரு பகுதியை ஐந்து நிமிடம் வாசியுங்கள். நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். மூன்று நிமிடம் ஜெபம், கடைசியில் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம். எழுந்துவிடுங்கள்.

வாசிப்பு முன்னே, ஜெபம் பின்னே வருவதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் ஜெபித்தால் நேற்றைய கவலை எதுவோ அதுதான் வாயில் வரும், அதிலேயே நேரம் முடியும். வாசித்துவிட்டு ஜெபித்தால் பேச்சு அவர் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கும், நீங்கள் பதில் சொல்வீர்கள்.

பத்து நிமிடத்தில் மனம் நிறையவில்லை, இன்னும் உட்காரலாம் என்று தோன்றும் நாட்களிலும் எழுந்துவிடுங்கள். இதைச் சொன்னால் மூத்தவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஒருநாள் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவருக்கு மறுநாள் பத்து நிமிடம் போதாத மாதிரித் தெரியும். நாற்பதுக்கு நேரம் இருக்காது, ஆகவே ஒன்றும் இருக்காது. மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்து நிமிடம், இரண்டாம் மாதத்தில் இன்னும் ஐந்து கூட்டிக்கொள்ளலாம்.

7. எதை வாசிப்பது

ஆதியாகமத்தில் தொடங்கி ஒரே வருடத்தில் வெளிப்படுத்தின விசேஷம் வரை முடிக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. வேதத்தில் 1189 அதிகாரங்கள். தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடியும். கணக்கு சரி. ஆனால் அந்த வேகத்தில் போகிறவர் ஜனவரி நான்காம் வாரத்தில் யாத்திராகமம் 25-க்கு வந்து, இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தொழுத ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகளிலும் கொக்கிகளிலும் நிற்பார். மாதம் முடிவதற்குள் லேவியராகமம். நாடா பல வீடுகளில் அங்கேயேதான் கிடக்கிறது.

மாற்குவில் தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரம், அதில் பெரும்பகுதி சம்பவங்கள். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் என்று அளவு வைத்துக்கொண்டால் நீளமும் பொருளும் சேர்ந்து வரும். முதல் அதிகாரத்தை இப்படிப் பிரிக்கலாம்: 1–8, 9–15, 16–20, 21–28, 29–34, 35–39, 40–45. சரியாக ஏழு நாள். நம் வீடுகளில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பின் பல பதிப்புகளில் பகுதித் தலைப்பு இருக்காது. ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் அடுத்த வாரத்துக்கான பகுதிகளைப் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேகத்தில் மாற்கு முடிய ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும்.

பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினம் என்று தோன்றினால், 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கத்தோலிக்க வீடுகளில் அதுதான் புழக்கத்தில் இருக்கும். ஆனால் மனப்பாடத்துக்கு எதையாவது ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டும் கலந்தால் எதுவும் நிற்காது.

8. எப்படி வாசிப்பது: ஒரு பகுதியை எடுத்துப் பார்ப்போம்

முதல் தடவை வாய்விட்டு, மெதுவாக. கண்ணால் மட்டும் வாசித்தால் தெரிந்த கதை என்று தாண்டிப் போய்விடும். இரண்டாம் தடவை பென்சிலோடு, யார் என்ன செய்கிறார்கள் என்று வினைச்சொற்களின் கீழே கோடு போட்டுக்கொண்டு.

மாற்கு 1:29–34 எடுத்துக்கொள்வோம். ஜெப ஆலயத்திலிருந்து சீமோன் வீட்டுக்கு வருகிறார்கள். மாமியார் ஜுரமாய்க் கிடக்கிறாள். உடனே அவளைக்குறித்து அவருக்குச் சொல்கிறார்கள். அவர் கிட்டப் போகிறார், கையைப் பிடிக்கிறார், தூக்கிவிடுகிறார். ஜுரம் விடுகிறது. அவள் பணிவிடை செய்கிறாள். சூரியன் அஸ்தமித்ததும் ஊரே வாசலில் கூடுகிறது.

கோடு போட்ட வினைகளை மட்டும் திரும்பப் பாருங்கள். வீட்டார் செய்தது ஒன்றே ஒன்று: சொன்னார்கள். 'எப்படியாவது சுகமாக்கும்' என்று அவர்கள் கெஞ்சியதாக மாற்கு எழுதவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் வீட்டு நிலவரத்தைச் சொன்னார்கள், அவ்வளவுதான். அப்புறம் ஜனங்கள் ஏன் சூரியன் அஸ்தமித்த பிறகு வந்தார்கள்? 21ஆம் வசனத்துக்குப் போனால் அன்று ஓய்வுநாள் என்று இருக்கிறது. சூரியன் இறங்கினால் ஓய்வுநாள் முடிந்தது, அப்புறம்தான் நோயாளிகளைச் சுமந்து வரலாம். இதைக் கண்டுபிடிக்க விளக்கவுரை தேவைப்படவில்லை, எட்டு வசனம் மேலே பார்த்தால் போதும்.

நோட்டில் ஒரு வரி: "வீட்டில் ஜுரம், அவருக்குச் சொன்னார்கள்." அவ்வளவு போதும். பாடம், பயன்பாடு, தீர்மானம் என்று மூன்று தலைப்புப் போட்டு எழுதத் தொடங்குகிற பிள்ளைகளின் நோட்டு முதல் பக்கங்களில் நிரம்பியும் மிச்சம் வெள்ளையாகவும் இருப்பதைப் பார்க்கலாம். பிரசங்கம் எழுதுகிற வேலை இது இல்லை.

புரியாத வசனம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டுப் போங்கள். அப்போதே போனில் தேடப் போனால் திரும்பி வருவது சந்தேகம். நாலைந்து சேர்ந்ததும் ஞாயிறு ஆராதனை முடிந்து ஐயரிடமோ (சபைப் போதகர்) அவருக்கு உதவியாக இருக்கிற உபதேசியாரிடமோ கேளுங்கள். கேட்டால் அவர்களுக்குச் சந்தோஷம்தான், அதிகம் பேர் கேட்பதில்லை.

9. ஜெபம்

வாசித்த வசனத்திலிருந்தே முதல் வாக்கியத்தை எடுங்கள். மேலே சொன்ன பகுதியை வாசித்த நாளில் வீட்டில் யாருக்கு ஜுரம்? அம்மாவுக்கு மூட்டுவலி இருந்தால் அதைச் சொல்லுங்கள். சொன்னார்கள் என்று வாசித்தோமே, அதையே செய்யுங்கள்.

அடுத்துப் பரமண்டல ஜெபத்தின் வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவருடைய நாமம், ராஜ்யம், சித்தம் முதலில் வருகிறது. அப்புறம் நமக்கு வேண்டிய ஆகாரம், அப்புறம் மன்னிப்பு, அப்புறம் சோதனையிலிருந்து காப்பு. ஒவ்வொரு வரிக்கும் நின்று ஒரு வாக்கியம் சொந்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். 'ஜெபிக்கத் தெரியலை' என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சட்டகம் கிடையாது. மன்னிப்பு வரியில் பலர் வேகமாகப் போவார்கள். அங்கேதான் நேற்றுச் சண்டை போட்டவர் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும்.

புதியவர்கள் பெரும்பாலும் கோயிலில் கேட்ட ஜெபத்தை அப்படியே பேசிப்பார்ப்பார்கள். அடுக்கடுக்கான விளிகளிலேயே முதல் நிமிடம் போய்விடும், என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்துவிடும். தனி ஜெபத்தில் வீட்டுப் பேச்சு போதும். சத்தமாக ஜெபிக்க வேண்டியதும் இல்லை, ஆனால் உதடு அசையட்டும். மனதுக்குள் மட்டும் ஜெபித்தால் அரை நிமிடத்தில் கடைக்கு என்ன வாங்க வேண்டும் என்பதற்கு வந்து நிற்போம். அப்படி வந்துவிட்டால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் "துவரம் பருப்பு" என்று எழுதிவிட்டுத் திரும்புங்கள். எழுதினால் போய்விடும், விரட்டினால் போகாது.

10. ஜெபக் குறிப்பு

மூன்றாம் வாரத்தில் இதைச் சேருங்கள், அதற்கு முன் வேண்டாம். நோட்டின் பின்பக்கத்திலிருந்து ஏழு பக்கம் ஒதுக்கி, பக்கத்துக்கு ஒரு கிழமை. திங்கள் வீட்டார், செவ்வாய் அக்கம்பக்கத்தார், புதன் நோயாளிகள், வியாழன் வேலை செய்கிற இடம், வெள்ளி சேகரமும் (ஐயரின் பொறுப்பில் இருக்கிற சபை வட்டாரம்) ஐயரும் அவருடைய குடும்பமும், இப்படி. எல்லாப் பெயரையும் தினமும் சொல்ல முயன்றால் அது வெறும் பட்டியல் வாசிப்பாகிவிடும், பெயருக்குப் பின்னால் ஆள் தெரியாது.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தேதியும் குறிப்பான ஒரு வேண்டுதலும் வேண்டும். "தம்பிக்காக" என்று எழுதினால் என்ன நடந்தது என்று பிறகு தெரியாது. "தம்பி, ஓசூர் கம்பெனி நேர்முகம், 14ஆம் தேதி" என்று எழுதுங்கள். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த வரியின் பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள். கிடைத்தவற்றை மட்டும் குறிக்கிறவர்களின் நோட்டு பொய் சொல்லும்.

இந்த நோட்டு வீட்டில் கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது. உங்களிடம் ஜெபிக்கச் சொன்னவரின் குடும்ப விஷயம் அதில் இருக்கிறது. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊர்க்கதை பரவுவதற்கு நம் பக்கத்தில் உதாரணம் சொல்ல வேண்டியதில்லை.

11. நாள் தவறினால்

தவறும். டிசம்பரில் கேரல் ரவுண்ட் போய்விட்டு விடியற்காலையில் வீடு வந்தால் தவறும். துக்க வீடு, ஆஸ்பத்திரி, பரீட்சை எதிலும் தவறும்.

விட்ட பகுதிகளைச் சேர்த்து வாசிக்காதீர்கள். விதிகளில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். மூன்று நாள் பாக்கி நான்காம் நாளில் சேர்ந்தால் அது கடன் மாதிரி பயமுறுத்தும், புத்தகத்தைப் பார்த்தாலே ஒதுங்கத் தோன்றும். நாடா எங்கே இருக்கிறதோ அங்கிருந்து, அன்றைய ஒரு பகுதி மட்டும்.

நெருக்கடி நாளுக்கென்று ஒரு குறுகிய வடிவம் முன்கூட்டியே வைத்திருங்கள்: மனப்பாடமான ஒரு சங்கீதம், பரமண்டல ஜெபம். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே முடித்துவிடலாம். சங்கீதம் 117 இரண்டே வசனம். அதுகூட மனப்பாடமாகாது என்று யாரும் சொல்ல முடியாது.

12. குடும்ப ஜெபம்

உங்கள் தனி நேரம் ஒரு மாதமாவது நிலைத்த பிறகு இதைத் தொடங்குங்கள். தனக்கே பழகாத ஒன்றை வீட்டாருக்குச் சட்டமாகப் போடுகிறவரைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடும்.

சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன் வையுங்கள். சாப்பிட்ட பிறகு என்றால் சின்னது தூங்கிவிடும், பெரியது போனோடு நழுவிவிடும். பசி எல்லாரையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும், ஜெபத்தையும் நீட்ட விடாது. மொத்தம் பன்னிரண்டு நிமிடம். ஒரு பாட்டில் இரண்டு சரணம், எல்லாரும் முறைவைத்து இரண்டிரண்டு வசனம், ஒருவர் ஜெபம், எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம், 2 கொரிந்தியர் 13:14-இன் ஆசீர்வாதம். ஜெபமாலை சொல்கிற கத்தோலிக்க வீடுகளுக்கு வரிசை ஏற்கெனவே இருக்கிறது. நேரத்தையும் நீளத்தையும் பற்றிச் சொன்னது அவர்களுக்கும் பொருந்தும்.

ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தடுக்கும். அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள், சிரிக்காதீர்கள். அவனுக்கு ஒரே ஒரு வசனம் கொடுங்கள், மத்தியானமே எது என்று சொல்லிவிடுங்கள், ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வான். பாட்டைத் தேர்ந்தெடுக்கிற வேலையைச் சின்னவர்களிடம் விடுங்கள். தினமும் அதே பாட்டு வரும், வரட்டும்.

பெரியவர்கள் செய்கிற பிழை இரண்டு. ஒன்று, வாசித்த பகுதிக்குப் பிரசங்கம் செய்வது. தாத்தா இருக்கிற வீட்டில் இதைத் தடுக்க ஒரே வழி, அவருக்குக் கடைசி ஜெபத்தை ஒதுக்கிவிடுவது. இரண்டு, ஜெபத்துக்குள் பிள்ளையைத் திட்டுவது. "ஆண்டவரே, இவன் சதா போனையே நோண்டுகிறான், கணக்கில் 32 வாங்கியிருக்கிறான், இவனுக்குப் புத்தியைத் தாரும்." கண்ணை மூடிக்கொண்டு சொல்வதால் அது ஜெபமாகிவிடாது. ஒரு பையன் இப்படிக் கேட்டே விட்டான்: "எப்பா, என் மார்க்கப் பத்தி ஜெபத்துல சொல்லாதீங்க, எங்கிட்டயே சொல்லுங்க." அவன் சொன்னதுதான் நியாயம். பிள்ளை முன்னால் ஜெபிக்கும்போது அவனுக்காக நன்றி சொல்லுங்கள். குறைகளைக் காலையில் தனியாக, அவன் பெயர் இருக்கிற பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

13. மனம் ஒட்டாத நாட்கள்

ஐந்தாறு வாரத்தில் வரும். வாசிப்பது வெறும் எழுத்தாகத் தெரியும், ஜெபம் கூரையைத் தாண்டாத மாதிரி இருக்கும். பலர் இதைப் பாவத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டு, எங்கேயாவது கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போய்ப் பழைய உணர்ச்சியைத் தேடுவார்கள். கூட்டத்துக்குப் போகலாம், தப்பில்லை. ஆனால் அந்த உணர்ச்சி திங்கட்கிழமை வரை வராது.

முதலில் தூக்கத்தையும் உடம்பையும் பாருங்கள். சலிப்புக்குப் பாதிக் காரணம் அங்கே இருக்கும். அது சரியாக இருந்தால், அந்த நாட்களுக்கு மட்டும் சங்கீதம் 13-ஐயோ 88-ஐயோ வாசியுங்கள். 13 "எதுவரைக்கும்" என்று கேட்டுக் கடைசியில் பாட்டுக்கு வந்துவிடும். 88 அப்படி வராது, இருளிலேயே முடியும். அப்படி முடிகிற ஜெபமும் வேதத்துக்குள் இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு, இல்லாத உற்சாகத்தை இருப்பதுபோல் காட்ட வேண்டிய கட்டாயம் போய்விடும். நீளத்தைக் குறைக்கலாம். இடத்தையும் நேரத்தையும் மாற்ற வேண்டாம்.

14. மாற்கு முடிந்த பிறகு

இப்போது நேரம் இருபது நிமிடத்துக்கு வந்திருக்கும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். முதலில் சங்கீதம். பழைய ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் 150 சங்கீதங்களும் காலைக்கும் மாலைக்குமாக 30 நாளுக்குப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 119ஆம் சங்கீதம் 176 வசனம் என்பதால் பல வேளைகளுக்குப் பிரித்திருப்பார்கள். புதியவருக்கு அந்த வேகம் அதிகம். தினம் ஒரு சங்கீதம் என்று ஐந்து மாதத்தில் முடிப்பது போதும்.

அடுத்து மனப்பாடம், வாரத்துக்கு ஒரு வசனம், மாற்குவில் நீங்கள் கோடு போட்ட இடங்களிலிருந்தே.

வாசிப்பில் மாற்குவுக்கு அடுத்து லூக்கா, அதோடு தொடர்ச்சியாக அப்போஸ்தலர். இரண்டும் ஒரே ஆசிரியர் ஒரே தெயோப்பிலுவுக்கு எழுதியவை, சேர்த்து வாசித்தால்தான் ருசி. அதற்குப் பிறகு ஆதியாகமம், யாத்திராகமம் 20 வரை. அங்கிருந்து மேலே போகும்போது எபிரெயர் நிருபத்தில் இன்னொரு நாடா வையுங்கள். ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளில் களைத்தால் எபிரெயர் 9-இன் முதல் பத்து வசனங்களைப் பாருங்கள், எந்தப் பொருள் எங்கே இருந்தது என்பது சுருக்கமாகத் தெரியும். லேவியராகமம் 16, பாவநிவிர்த்தி நாளைப் பற்றியது, வாசிக்கிற அன்று எபிரெயர் 9-ஐ முழுவதும் வாசியுங்கள். அன்றைக்கு மட்டும் இருபது நிமிடம் போதாது, விடுமுறை நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.